கட்டடத்துக்கு முன்னால் எங்கே நிற்பது?

எங்கள் வீட்டு ஆல்பத்தில் 1971-ல் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. விக்டோரியா டெர்மினஸ் முன்னால் அம்மா நிற்கிறாள். கல்யாணமாகி ஊரிலிருந்து பம்பாய் வந்த முதல் வாரம். எடுத்தவர் அப்பா. 1962-ல் மதராஸ் மெயிலில் வந்து இதே ஸ்டேஷனில் இறங்கியவர் என்பதால், புது மனைவிக்கு முதன்முதலில் காட்டியதும் இதைத்தான். கேமரா அக்ஃபா க்ளிக் 3, ஆபீஸ் நண்பரிடம் இரவல் வாங்கியது. படத்தில் அம்மா சுண்டுவிரல் அளவு. அவள் முகம் கறுப்பு. பின்னால் உள்ள கட்டடமும் கறுப்பு. கும்மட்டத்தின் தலை வெட்டுப்பட்டிருக்கிறது. வானம் மட்டும் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. "உங்கப்பா வானத்தைத்தான் படம் பிடிச்சார்" என்று அம்மா இன்றும் சொல்வாள்.

அந்த ஆல்பத்தை நாங்கள் போன வருஷம் எடுத்துப் பார்த்ததற்குக் காரணம் வேறு. மாட்டுங்காவில் 1979-லிருந்து நாங்கள் குடியிருந்த பில்டிங்கை இடித்துப் புதிதாகக் கட்ட முடிவாகி, காலி செய்ய நாளும் குறித்துவிட்டார்கள். "இடிக்கறதுக்கு முன்னாடி நம்ம பில்டிங் போட்டோ ஒண்ணு பெரிசா பிரேம் போட்டு வெச்சுக்கணும்" என்றாள் அம்மா. தேடினோம். காதுகுத்து, கொலு, பொங்கல், தம்பியின் நிச்சயதார்த்தம் என்று நாலு ஆல்பம் நிறையப் படங்கள். எல்லாவற்றிலும் மனிதர்கள். கட்டடம் என்று பார்த்தால், யாரோ ஒருவர் தலைக்குப் பின்னால் அரை ஜன்னல், சித்தியின் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் மாடிப்படியின் இரண்டு படி, அவ்வளவுதான். இத்தனை வருஷம் நம்மைத் தாங்கிய வீட்டுக்கு ஒரு முழுப் படம் இல்லை. வாசகர்கள் வீட்டிலும் இதே கதையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

சரி, நாமே எடுத்துவிடலாம் என்று செல்போனோடு தெருவில் இறங்கினேன். படத்தில் பில்டிங் மல்லாந்து விழப்போவது போல் பின்னால் சாய்ந்திருந்தது. முன்னால் ஸ்கூட்டர் வரிசை. குறுக்கே கேபிள் வயர். அம்மாவிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தாள்.

இந்தச் சமயத்தில்தான் நம் அன்பர்கள் சிலர், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபோர்ட் பகுதியில் நடந்துகொண்டே கட்டடங்களைப் படமெடுக்கப் பழகலாம் என்று கூப்பிட்டார்கள். 14 பேர் போனோம். கல்லூரிப் பெண்ணிலிருந்து பேத்தியைக் கையில் பிடித்து வந்த தாத்தா வரை. சொல்லிக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர் ஒருவர். எல்லோருக்குமே அவர் வெறும் 'மாஸ்டர்'தான். அன்று கற்றுக்கொண்டதை, செய்த தவறுகளையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன். பெரிய கேமரா எதுவும் தேவையில்லை. என்னிடமும் செல்போன்தான் இருந்தது.

வெயில் எந்தப் பக்கம்?

ஜனவரி மாதம். மும்பையில் அப்போது ஏழேகால் மணிக்குத்தான் சூரியன் உதிக்கும். எட்டு மணிக்கு வி.டி. எதிரே கூடினோம். 1996-ல் அதற்குச் சத்ரபதி சிவாஜியின் பெயர் சூட்டி, 2017-ல் மகாராஜ் என்பதையும் சேர்த்தார்கள். ஆனாலும் நம்மவர் வாயில் அது வி.டி.தான். வந்து நின்றதும் 14 பேரும் போனை நீட்டி எடுத்தோம். 14 படமும் ஒரே மாதிரி வந்தன. கட்டடம் கறுப்பு, வானம் வெள்ளை. அப்பாவின் 1971-ஆம் வருஷப் படத்தை நான் திரும்ப எடுத்திருந்தேன்!

மாஸ்டர் சிரித்துக்கொண்டே, "எடுங்கோ எடுங்கோன்னு விட்டுட்டேன். இப்ப சூரியன் எங்கே இருக்குன்னு பாருங்கோ" என்றார். ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்தது. வி.டி.யின் முகப்பு மேற்கே பார்த்தது. காலையில் அதன் முகத்தில் நிழல், வெளிச்சமெல்லாம் முதுகில். கேமரா நடுவாந்தரமாக ஒரு கணக்குப் போட்டு, பிரகாசமான வானத்துக்கு ஏற்பப் படத்தை அமைத்துவிடுகிறது. கட்டடம் இருண்டுபோகிறது. அதே இடத்தில் மாலை நாலு மணிக்கு வந்து நின்றால் மஞ்சள் கல் பொன்னாக மின்னும்.

ஆகவே கட்டடப் படத்தின் முதல் பாடம் வீட்டிலேயே தொடங்குகிறது. போகப்போகும் கட்டடம் எந்தத் திசை பார்த்தது என்று மேப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும். கிழக்கு பார்த்தால் காலை, மேற்கு பார்த்தால் மாலை. வடக்கு பார்த்த கட்டடத்துக்கு நம் ஊர்க் குளிர்காலத்தில் வெயிலே கிடைக்காது. வாஸ்து பார்ப்பவர்கள் கேட்கிற முதல் கேள்விதான் இங்கும்.

இன்னொன்று. வெயில் நம் முதுகுக்கு நேர் பின்னால் இருந்தாலும் படம் சப்பையாகிவிடும். கொஞ்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தால்தான் தூணுக்கு ஒரு பக்கம் நிழல் கிடைத்து உருண்டை தெரியும். கல்லில் செதுக்கிய இலையும் பூவும் எழுந்து நிற்கும். எஃப். டபிள்யூ. ஸ்டீவன்ஸ் வடிவமைத்து 1878-ல் தொடங்கிப் பத்து ஆண்டுகளில் முடித்த இந்த ஸ்டேஷனில் அப்படிச் செதுக்கியவை ஏராளம். மயில், குரங்கு என்று பம்பாய் ஓவியப் பள்ளி மாணவர்கள் செய்தவை. வாசல் தூண்களில் ஒரு பக்கம் பிரிட்டனைக் குறிக்கும் சிங்கம், மறுபக்கம் இந்தியாவைக் குறிக்கும் புலி. நாற்பது வருஷம் அந்த வழியாக ஆபீஸ் போயிருக்கிறேன். புலியை அன்றுதான் பார்த்தேன்.

வெயில் தப்பான பக்கம் இருக்கிற நேரத்தில்தான் நமக்கு வாய்த்தது என்றால் திரும்பிப் போக வேண்டியதில்லை. இரண்டு வழி இருக்கிறது. வானத்தைப் பிரேமுக்கு வெளியே தள்ளிவிட்டு, நிழலில் உள்ள சுவரை மட்டும் எடுக்கலாம். நிழல் வெளிச்சம் மென்மையானது, சிற்பத்துக்கு நன்றாகவே இருக்கும். அல்லது கட்டடம் கறுப்பாகவே இருக்கட்டும் என்று ஒப்புக்கொண்டு அதன் ஓரக்கோட்டை மட்டும் எடுக்கலாம். வி.டி. கும்மட்டத்தின் உச்சியில் 'முன்னேற்றம்' என்று பெயரிட்ட பெண் சிலை இருக்கிறது. வெளுத்த வானத்தில் அந்தச் சிலையும் கும்மட்டமும் கறுப்பு நிழலாக மட்டும் வரும்படி கல்லூரிப் பெண் ஒரு படம் எடுத்தாள். அன்றைய படங்களில் அது ஒன்றுதான் மாஸ்டரைத் தலையாட்ட வைத்தது.

இரண்டு அட்டைத் துண்டுகள்

மாஸ்டர் பையிலிருந்து 'ட' வடிவில் வெட்டிய இரண்டு கறுப்பு அட்டைத் துண்டுகளை எடுத்தார். ஒன்றின் மேல் ஒன்றை எதிரும் புதிருமாக வைத்தால் நடுவில் ஒரு ஜன்னல் கிடைக்கும். இழுத்துப் பெரிசாக்கலாம், நெருக்கிச் சின்னதாக்கலாம். "மூணு நிமிஷம் யாரும் போனை வெளியே எடுக்கக் கூடாது. இது வழியாப் பாருங்கோ. உங்க படம் எதைப் பத்தின்னு ஒரு வாக்கியம் சொல்லுங்கோ. அப்புறம் எடுக்கலாம்" என்றார்.

இது சிறுபிள்ளை விளையாட்டு மாதிரி இருந்தது. ஆனால் நான் வாயைத் திறந்தபோது வந்த வாக்கியம், "இது வி.டி. ஸ்டேஷன்." "அது பெயர்ப் பலகை. படம் எதைப் பத்தி?" என்றார். மறுபடி பார்த்து, "இவ்வளவு பெரிய வாசல், எல்லாரும் பக்கத்துச் சந்து வழியாகப் போகிறார்கள்" என்றேன். "அதை எடுங்கோ" என்றார். அந்த ஒரு வாக்கியம் வந்ததும், எதை உள்ளே வைப்பது, எதை விடுவது என்பது தானாகத் தெரிந்தது. கும்மட்டம் வேண்டாம். கடிகாரம் வேண்டாம். பூட்டிய பெரிய வாசலும், பக்கத்தில் விரைந்து போகும் பயணிகளும் போதும்.

அக்ஃபா க்ளிக்கில் ஒரு சுருளுக்கு 12 படம்தான். அதனால் அப்பா காலத்தில் யோசித்துத்தான் பொத்தானை அழுத்தினார்கள். யோசித்தும் என் அப்பாவுக்கு வானம்தான் கிடைத்தது என்பது வேறு விஷயம். நமக்கோ ஆயிரம் எடுத்தாலும் செலவில்லை. அதனால் ஒன்றையும் பார்ப்பதில்லை.

அழுத்துவதற்கு முன் கடைசியாக நாலு மூலையையும் கண்ணால் சுற்றி வரவேண்டும். நம் கண் கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். மூலையில் குப்பைத்தொட்டி நுழைந்தது தெரியாது. தெருவில் போகும் வயரை நம்மால் நீக்க முடியாது. ஆனால் இரண்டு அடி நகர்ந்தால் அதே வயர் கட்டடத்தின் ஒரு கிடைக்கோட்டோடு ஒட்டி மறைந்துவிடும். எதிரே வாகனம் நின்றால் காத்திருக்கலாம். அல்லது நல்ல வாகனம் வருவதற்காகக் காத்திருக்கலாம். பழுப்புக் கல்லுக்கு முன்னால் ஒரு சிவப்பு பெஸ்ட் பஸ் வந்தால் யார் வேண்டாமென்பார்கள்?

அங்கிருந்து தாதாபாய் நவ்ரோஜி சாலை வழியாகத் தெற்கே நடந்தோம். இந்தச் சாலையில் கட்டடங்களின் கீழ்த்தளம் முழுவதும் தூண்களும் வளைவுகளுமாக, மழை வெயில் படாமல் நடக்கும் நடைபாதையாக இருக்கிறது. நிழலில் நின்று வளைவு வழியாக எதிர்ப்புறக் கட்டடத்தைப் பார்த்தால், வளைவே பிரேம் ஆகிவிடும். போன் திரையில் வெளிச்சமான பகுதியை விரலால் தொட வேண்டும். அப்போது வளைவு கறுத்து, எதிர்க் கட்டடம் தெளிவாக வரும். வளைவைத் தொட்டால் எல்லாம் தலைகீழாகிவிடும். ஆளுக்கு ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு அரைமணி இதையே செய்தோம். பழைய புத்தகக் கடைக்காரர் ஒருவர், இந்த மதராஸிகளுக்கு என்ன ஆயிற்று என்பது போல் பார்த்தார்.

1864-ல் அமைந்த ஃப்ளோரா நீரூற்றைத் தாண்டிக் கிழக்கே திரும்பி ஹார்னிமன் சர்க்கிளுக்குப் போனோம். அங்கே 1833-ல் கட்டி முடித்த டவுன்ஹால் இருக்கிறது. ஏஷியாட்டிக் சொசைட்டி நூலகம் உள்ளே இருப்பது. முப்பது படிகள், மேலே எட்டுத் தூண்கள், இடமும் வலமும் அச்சு மாறாமல் ஒரே மாதிரி. இப்படிப்பட்ட கட்டடத்துக்கு நேர் நடுவில் நிற்பதைத் தவிர வேறு மரியாதை கிடையாது. ஆனால் நடு என்றால் சரியான நடு. ஓரடி தவறினாலும் தெரிந்துவிடும். நடு இரண்டு தூண்களுக்கு இடையில் வாசல் சரியாக மத்தியில் தெரியும்வரை இடமும் வலமும் நகர்ந்துகொண்டே இருந்தோம். இதுவும் மேற்கு பார்த்ததுதான், காலையில் நிழல். வானத்தை முக்கால்வாசி வெட்டிவிட்டுப் படிகளையும் தூண்களையும் மட்டும் எடுத்தோம். படியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்த ஒரு பெரியவரை விட்டுவிடுவதா, வைத்துக்கொள்வதா என்று விவாதம். வைத்துக்கொண்டோம். அவர் இல்லாவிட்டால் தூண் எவ்வளவு உயரம் என்று யாருக்குத் தெரியும்?

சாயும் கோபுரம்

ஓவல் மைதானத்துக்கு வந்தபோது பத்து மணி. இந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். மைதானத்தின் கிழக்குப் பக்கம் உயர் நீதிமன்றம், பல்கலைக்கழகம், ராஜாபாய் கோபுரம் என்று 1870-களின் கூரிய கோதிக் கட்டடங்கள். மேற்குப் பக்கம் 1930-களின் ஆர்ட் டெகோ குடியிருப்புகள். நடுவில் புல்வெளி, கிரிக்கெட். இரண்டு வரிசையையும் சேர்த்து 94 கட்டடங்கள் கொண்ட பகுதியை 2018-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வி.டி. அதற்கு முன்பே, 2004-ல் சேர்ந்துவிட்டது.

கோதிக் வரிசை ஏன் மேற்கே பார்க்கிறது? அவை கட்டப்பட்டபோது எதிரே கடல் இருந்தது. கோட்டைச் சுவரை 1860-களில் இடித்த பிறகு, கடலைப் பார்த்தபடி இந்தப் பொதுக் கட்டடங்களை எழுப்பினார்கள். பின்னால் கடலைத் தூர்த்து நிலமாக்கி, அந்த நிலத்தில் எழுந்ததுதான் எதிர் வரிசை. அது கிழக்கே, மைதானத்தைப் பார்க்கிறது. ஆக, ஒரே மைதானத்தில் நின்று காலையில் ஒரு பக்கமும் மாலையில் மறுபக்கமும் திரும்பினால் போதும். படமெடுப்பவனுக்கு இதைவிட வசதியான பள்ளிக்கூடம் இந்தியாவில் எனக்குத் தெரிந்து இல்லை.

மாலை நாலரைக்கு மறுபடி அங்கே கூடியபோதுதான் என் பிரச்சினைக்கு விடை கிடைத்தது. ராஜாபாய் கோபுரம் 85 மீட்டர் உயரம். பருத்தி வியாபாரத்தில் பெரும் பணம் ஈட்டிய பிரேம்சந்த் ராய்சந்த் தன் தாயார் பெயரில் கொடுத்த நன்கொடையில் 1878-ல் முடிந்தது. வடிவமைத்த ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் லண்டனிலிருந்தே வரைந்து அனுப்பினார், பம்பாயைப் பார்த்ததில்லை. அருகில் போய் அண்ணாந்து எடுத்தோம். "மாஸ்டர், கோபுரம் பின்னாடி சாயுது!" என்றாள் கல்லூரிப் பெண். என் பில்டிங் சாய்ந்த அதே சாய்வு.

காரணம் எளிது. தண்டவாளத்தின் நடுவில் நின்று பார்த்தால் தூரத்தில் இரண்டு கம்பியும் நெருங்கிவிடுகின்றன அல்லவா? போனை அண்ணாத்திப் பிடித்தால் கோபுரத்தின் அடி நமக்கு அருகில், நுனி தூரத்தில். ஆகவே நுனியில் கோடுகள் நெருங்குகின்றன. கண்ணுக்கும் அப்படித்தான் தெரிகிறது, ஆனால் மூளை திருத்திக்கொள்கிறது. படத்தில் திருத்த ஆளில்லை.

மருந்து, போனை அண்ணாத்தாமல் இருப்பது. சுவர் எப்படி நேராக நிற்கிறதோ அப்படியே போனும் நேராக நிற்க வேண்டும். கேமரா அமைப்பில் கட்டக் கோடுகளைப் போட்டுக்கொண்டால் கட்டடத்தின் ஓரத்தைக் கோட்டோடு ஒப்பிடலாம். ஆனால் நேராகப் பிடித்தால் கோபுரத்தின் தலை போய்விடுமே? பின்னால் போக வேண்டும். சாதாரண செல்போன் கேமராவை நீளவாக்கில் பிடித்தால் கட்டடத்தின் உயரத்தைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு தள்ளி நிற்க வேண்டும் என்பது மாஸ்டர் சொன்ன கணக்கு. 85 மீட்டர் கோபுரத்துக்குச் சுமார் 125 மீட்டர். பெரியவர் நடையில் 160, 170 அடி. எண்ணிக்கொண்டே பின்னால் நடந்தோம். மைதானத்தின் எதிர் ஓரத்தை நெருங்கும்போது கோபுரம் முழுசாக, நிமிர்ந்து, பிரேமுக்குள் வந்து நின்றது. பேத்தியோடு வந்த தாத்தா கையைத் தட்டினார்.

இதற்கு ஒரு விலை உண்டு. போன் நேராக இருந்தால் படத்தின் கீழ்ப்பாதி முழுவதும் வெறும் தரை. தெருவில் என்றால் தார் ரோடு. அந்தப் பாதியில் எதையாவது வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பிறகு வெட்ட வேண்டும். இங்கே கிரிக்கெட் ஆடும் பிள்ளைகள் இருந்தார்கள். பந்து வீசுகிறவன் கை உயரும் நொடிக்காகக் காத்திருந்து எடுத்தோம். உயர்ந்த கைக்குப் பின்னால் உயர்ந்த கோபுரம். மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீர் இருந்தால் அதில் கோபுரமே தலைகீழாகத் தெரியும்.

சிலர் 0.5 என்ற அகல லென்ஸைப் போட்டு அருகிலிருந்தே முழுசாக எடுத்துவிட்டதாகப் பெருமைப்பட்டார்கள். அது ஓரங்களை இழுத்துவிடும். வெளி ஜன்னல்கள் சதுரம் போய்ச் சாய்சதுரமாகும். எனக்கு அது பிடிக்கவில்லை. போனிலேயே சாய்வைத் திருத்தும் வசதியும் இருக்கிறது. கொஞ்சம் சாய்ந்திருந்தால் திருத்தலாம், நிறையச் சாய்ந்திருந்தால் கட்டடம் இழுபட்டு மாவு பிசைந்தது போலாகும். திருத்தும்போது இரு ஓரமும் வெட்டுப்படும் என்பதால் எடுக்கும்போதே பக்கங்களில் இடம் விட்டு எடுக்க வேண்டும். இரண்டு மடங்கு ஜூம் போட்டால் கோபுரத்தின் மேல்பகுதியில் மேற்கு இந்தியச் சாதியினரைக் குறிக்கும் கற்சிலைகள் தெரிகின்றன. அது தனிப் படம்.

காலையில் பார்த்த மேற்கு வரிசையைப் பற்றியும் இரண்டு வார்த்தை. ஜன்னலுக்கு மேல் புருவம் போல் நீண்ட சன்ஷேடுகள், வளைந்த பால்கனிகள், கதிர் விரியும் சூரியன் போல் செய்த இரும்பு கிரில்கள். அழகே இந்தச் சின்ன விஷயங்களில்தான் இருக்கிறது. ஆனால் அவை மக்கள் குடியிருக்கும் வீடுகள். ஜன்னலில் ஆள் நின்றால் ஜூம் போடாதீர்கள். காவலர் வேண்டாமென்றால் வாதாடாமல் நகர்ந்துவிடுங்கள். வரிசையின் வடகோடிக்கு அருகே, சர்ச்கேட் ஸ்டேஷனுக்கு எதிரில், 1938-ல் திறந்த ஈராஸ் தியேட்டர் தெரு முனையில் நிற்கிறது. முனைக் கட்டடத்தை நேர் எதிரில் நின்று எடுக்காமல், இரண்டு சிறகும் தெரியும்படி மூலைக்கு எதிரே நின்று எடுக்க வேண்டும். ஒரு சிறகில் வெயிலும் மற்றதில் நிழலும் இருந்தால் இன்னும் நல்லது. அப்போதுதான் அது அட்டையில் வரைந்ததாக இல்லாமல் கனமுள்ள கட்டடமாகத் தெரியும்.

எங்கள் பில்டிங்

அடுத்த ஞாயிறு மாட்டுங்காவில் கணக்கைப் போட்டேன். தரைத்தளமும் மூன்று மாடியும், 13 மீட்டர் உயரம் இருக்கும். ஒன்றரை மடங்கு என்றால் கிட்டத்தட்ட 20 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். எதிர்ச் சுவர் 12 மீட்டரிலேயே வந்துவிடுகிறது. மாஸ்டருக்குப் போன் செய்தேன். "பின்னாடி போக முடியலேன்னா மேலே போங்கோ" என்றார். பாதி உயரத்திலிருந்து நேராக எடுத்தால் மேலே பாதி, கீழே பாதி சரியாக விழும். தூரமும் பாதி போதும்.

எதிர்க் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் ஒரு குஜராத்திக் குடும்பம். அந்த வீட்டுப் பாட்டியைத் தெருவே 'பா' என்று கூப்பிடும். விஷயத்தைச் சொன்னதும் பால்கனியில் காய்ந்த துணிகளைத் தானே எடுத்துவிட்டு இடம் கொடுத்தார். எங்கள் பில்டிங் கிழக்கு பார்த்தது. ஆனால் அவர்கள் கட்டடத்தின் நிழல் எங்கள் சுவரிலிருந்து கீழே இறங்கப் பத்து மணி ஆனது. அதுவரை டீ, தேப்லா. பத்தேகாலுக்கு வெயில் தென்பக்கமிருந்து சாய்வாக விழுந்தது. பால்கனிக் கைப்பிடிச் சுவர் ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு கோடு நிழல். முதன்முறையாக எங்கள் பில்டிங் நிமிர்ந்து நின்றது.

அகலம் ஒரு படத்தில் அடங்கவில்லை. அப்போது ஒரு பழைய கதை ஞாபகம் வந்தது. லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவக் கேப்டன், மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராக 1858-ல் மதுரை, தஞ்சாவூர் கோயில்களைப் படமெடுத்தவர். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியில் ஓடும் கல்வெட்டு வரிகளை ஒரே படத்தில் எடுக்க முடியாதென்று, நகர்ந்து நகர்ந்து 21 படங்களாக எடுத்து நீளமாக ஒட்டினார். கண்ணாடித் தகட்டுக் காலத்தில் அவர் 21 எடுத்தார். நான் பால்கனியின் இடக்கோடியிலிருந்து ஒன்றும் வலக்கோடியிலிருந்து ஒன்றுமாக இரண்டு எடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதுமாக இருந்தது.

பிறகு உள்ளே வந்து துண்டு துண்டாக எடுத்தேன். மாடிப்படியின் மரக் கைப்பிடி, கை பட்டுப் பட்டு வழுவழுப்பானது. தபால் பெட்டி வரிசையில் தமிழில் எழுதிய ஒரே பெயர், அப்பாவுடையது. வாசல்படியில் பெயிண்டால் போட்ட கோலம். பக்கவாட்டு வெளிச்சத்துக்காக மாடிப்படி ஜன்னலுக்கு வெயில் வரும் நேரம் பார்த்து மூன்று நாள் ஏறி இறங்கினேன். ஒவ்வொன்றுக்கும் தேதி, எந்தத் தளம், யார் வீட்டுக் கதவு என்று எழுதி வைத்தேன். மொத்தம் 31 படம். அச்சுப் போட்டு வாங்கி வந்து, காலி செய்து போன வாடகை வீட்டில் அம்மாவின் மடியில் வைத்தேன்.

ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பெரிய படத்தில் விரலை வைத்து, "இதுதான் நம்ம ஜன்னல். இது சித்தி வீடு. இங்கேதான் நீ பட்டத்தைத் தொலைச்சே" என்றாள். 31-ஐயும் இரண்டு முறை பார்த்துவிட்டு, "பின்பக்கத்து இரும்புப் படி எங்கேடா?" என்றாள்.

பின்னால் வளைந்து வளைந்து ஏறும் ஒரு பழைய இரும்புப் படி இருந்தது. முதல் சில வருஷங்கள் தண்ணீர் மேலே ஏறாது. விடியற்காலையில் கீழ்க் குழாயிலிருந்து குடம் குடமாக அவள் தூக்கி வந்தது அந்தப் படியில்தான். மத்தியானம் மற்ற வீட்டுப் பெண்களோடு உட்கார்ந்து பேசியதும் அங்கேதான். முகப்பையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது தோன்றவே இல்லை.

மறுநாள் காலை போனேன். சுற்றித் தகரம் அடைத்திருந்தார்கள். வாட்ச்மேன் நல்ல மனிதர், நம் பக்கத்துத் திருநெல்வேலிக்காரர். பின்வழியாக அழைத்துப் போனார். சுவரில் ஒவ்வொரு மாடிக்கும் இரண்டு ஓட்டைகள் மட்டும் இருந்தன. "இரும்புதான் சார் முதல்ல போகும். பழைய இரும்புக்காரன் வெள்ளிக்கிழமையே அறுத்து எடுத்துட்டுப் போயிட்டான்" என்றார்.